புதுப்பிப்பு: 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வீடியோ கேமில் இறக்கை (மேலே ஏறி நின்று பறக்கும் கருவி) நடுவானில் மறைவது ஏன்?

"இறக்கையில் இரண்டு ஃபேன் ஒட்டினால் எவ்வளவு தூரமும் போகலாம்" என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். பேட்டரி மிச்சம் இருந்தாலும், கிளம்பிய ஏறக்குறைய 1 நிமிடத்தில் இறக்கை மினுக்கி மறைந்துவிடும். கோளாறில்லை, விளையாட்டின் விதியே அது.

வானத் தீவுகளின் கேப்ஸ்யூல் இயந்திரத்தில் (கருவிகளை உருண்டைகளாகத் தரும் இயந்திரம்) சோனாய் சார்ஜ் என்ற பொருளைப் போட்டால் இறக்கை கிடைக்கும். எல்லா இயந்திரமும் இறக்கை தராது.

ஃபேன் இல்லாத இறக்கை சமதரையில் எழும்பாது. தண்டவாளத்திலோ சரிவிலோ வைத்து, நழுவத் தொடங்கும் முன் ஏறுங்கள். முன்னால் நின்றால் மூக்கு தாழும், பின்னால் போனால் நிமிரும். ஸ்டியரிங் கம்பை நடுக்கோட்டில் ஒட்டுங்கள். காவடியைப் போலத்தான், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே இழுக்கும். தைப்பூசம் பார்த்து வளர்ந்த மொரிசியஸ் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஃபேனின் காற்று பின்னோக்கி அடிக்க வேண்டும். பலர் திருப்பி ஒட்டிவிட்டு இறக்கையைத் திட்டுகிறார்கள்.

மினுக்கத் தொடங்கியதும் குதித்து பாராகிளைடரை விரியுங்கள். தொடக்கத் தீவில் அது கையில் இருக்காது என்பதால், கீழே தண்ணீர் இருக்கும் பாதையில் மட்டும் போங்கள்.

நெடுந்தூரத்துக்கு என் சிபாரிசு, இறக்கையே வேண்டாம்: 2 ஃபேன், 1 ஸ்டியரிங் கம்பு மட்டும் ஒட்டிய வண்டி. ஆட்டோபில்டில் (முன்பு கட்டியதைத் தானாக மறுபடி கட்டும் திறன்) அருகில் இல்லாத பாகம் ஒவ்வொன்றுக்கும் 3 சோனைட் தாது, ஆக 9. அந்த வண்டிக்கு பேட்டரிதான் எல்லை. பேட்டரியில் ஒரு கட்டம் கூட்ட, அதற்கென்றே உள்ள கிரிஸ்டல் சார்ஜ் என்ற பொருள் 100 வேண்டும்.