டோசிமீட்டர் ரீடர்: 'படிகருவி' என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலில் பட்ட கதிர்வீச்சின் அளவை (டோஸ்) அறிய உதவும் டோசிமீட்டருக்கும், அதைப் படிக்கும் ரீடருக்கும் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் 'மருந்தளவுமானி'யை முதலில் கழித்துவிடலாம். கதிர் பட்டவர் மருந்து எதையும் சாப்பிடவில்லை. டோஸுக்கு 'ஏற்பளவு' போதும். உடல் எவ்வளவு ஏற்றது என்பதுதானே கேள்வி.

சிக்கல் ரீடரில்தான். மார்பில் அணியும் பேட்ஜ், அதைப் படிக்கும் இயந்திரம் இரண்டையும் 'கதிர்வீச்சு அளவி' என்றே சொல்வது எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்-ரே பிரிவில் இருப்பவர்கள் அணியும் டி.எல்.டி. (தெர்மோலூமினசென்ட் டோசிமீட்டர், அதாவது சூடாக்கினால் ஒளிரும் வகை) பேட்ஜையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் புழங்குவதில் நிக்கல் பூசிய அலுமினியத் தகடு ஒன்று, அதில் மூன்று வட்டுகள். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு சேர்த்து அழுத்திச் செய்தவை. ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. இவை எதையும் அளப்பதில்லை, பட்டதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஆய்வகத்தில் சூடான நைட்ரஜன் பட்டதும் வட்டு ஒளிரும். அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்குறிப்பாக்கும். சூடேறியதோடு பதிவும் ஏறக்குறைய அழிந்துவிடும். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை படித்துப் பார்ப்போம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே இயந்திரத்தைத் தனியே சோதித்தாக வேண்டும். உள்ளே இருக்கும் நிலையான ஒளிமூலத்துக்குத் தினமும் ஒரே எண் வருகிறதா? ஒளியே இல்லாதபோது எவ்வளவு காட்டுகிறது? இது படிகருவிச் சோதனை. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் கொண்டு தெரிந்த ஏற்பளவு கொடுத்த பேட்ஜ்களை, அளவைச் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பி விடையை ஒப்பிடுவது வேறு சோதனை. அதில் பேட்ஜ், கருவி, கணக்கு எல்லாம் சேர்ந்தே மாட்டும். ஒரே பெயர் வைத்தால் பிழை யாருடையது என்று எழுதவே முடியாது.

சரி, பெயருக்கு வருவோம். 'படிப்பான்' என்றால் பையன் நாளைக்குப் படிப்பான் என்று கேட்கிறது. 'படிப்பி' என்றால் பாடம் நடத்து என்றாகிறது. 'வாசிப்புக் கருவி' என்றால் வீணையா, மிருதங்கமா? 'படிகருவி' வினைத்தொகை, சின்னது, 'ஏற்பளவுப் படிகருவி' என்று ஒட்டவும் செய்கிறது. பேட்ஜுக்கு 'ஏற்பளவு வில்லை' என் விருப்பம்.

இந்தச் சோதனைகள் பார்க்கும் 'பர்ஃபார்மன்ஸ்' என்பதற்குச் 'செயல்திறன்' இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'எஃபிஷியன்சி'க்குப் 'பயனுறுதிறன்' இருக்கிறது, இலங்கையில் 'வினைத்திறன்', குழப்பம் வராது.

அப்புறம் ஒன்று. அளவைச் சொல்லாமல் அனுப்பும் அந்த ஒப்பீட்டின் முடிவுகளைச் சரிபார்க்க 'டிரம்பெட் கர்வ்' என்ற வரைபடம் உண்டு. அதிக ஏற்பளவில் அளந்ததற்கும் உண்மைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.67 முதல் 1.5 வரை இருக்கலாம். ஏற்பளவு குறையக் குறைய அனுமதி விரியும். அதற்கு 'எக்காள வளைகோடு' பொருந்தும் என்று நினைக்கிறேன். யாருக்காவது மறுப்பு இருந்தால் பட்டியலை விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுவதற்குள் சொல்லிவிடுங்கள்.