மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ஒரே ஃபிளாஷ்: படத்தில இருட்டுப் பட்டை வருது

பின்னேரம் 4 மணிக்கு ஒரு கல்யாணச் சோடியை எடுக்க வேணும். ஒரு ஸ்பீட்லைட் (சின்ன ஃபிளாஷ்), வெளிச்சத்தை மென்மையாக்கிற 60 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ், ஃபிளாஷைத் தூரத்திலயிருந்து எரிய வைக்கிற ரேடியோ ட்ரிகர் இருக்கு. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/1000 செக்கன் வைச்சா படத்தில முக்கால்வாசிக்கு ஃபிளாஷ் விழாம இருட்டா இருக்கு. எச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலயும் ஃபிளாஷ் எரியிற முறை) போட்டாலும் முகம் இருட்டு. என்ன செய்யலாம் அண்ணாமார்?

மறுமொழி 1:
தம்பி, சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோட சேர்ந்து வேலை செய்யிற உச்ச ஷட்டர் வேகத்தைத் தாண்டிட்டீங்கள். அநேக கமராவில அது 1/200 அல்லது 1/250. அதுக்கு மேல ஷட்டர் ஒரே நேரத்தில முழுசாத் திறக்காது. எச்எஸ்எஸ்ஸில ஃபிளாஷ் துடிச்சுத் துடிச்சு எரியிறதால பலம் 2 ஸ்டொப்பளவு போயிடும் (ஒரு ஸ்டொப் குறைஞ்சா வெளிச்சம் பாதி). லென்ஸுக்கு முன்னால வெளிச்சத்தைக் குறைக்கிற 3 ஸ்டொப் என்டி ஃபில்டர் போடுங்கோ: ஐஎஸ்ஓ (கமராவின்ர வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/200, எஃப் 11க்குப் பதிலா இன்னும் அகலமான எஃப் 4. ஃபில்டர் ஃபிளாஷையும் குறைக்கும், அதை மறக்க வேண்டாம். அதால ஃபிளாஷை முழுப் பலத்தில, முகத்துக்கு 1 மீற்றருக்குள்ள வையுங்கோ. தூரம் பாதியானா வெளிச்சம் 4 மடங்கு.

மறுமொழி 2:
4 மணி வெயில் மேற்கால வரும். கடல் பின்னணியெண்டா வெயில் முகத்தில அடிச்சு, சோடி கண்ணைச் சுருக்கும். விடிய 6 மணிக்குப் போனா சூரியன் கடலுக்கு மேல, அவையின்ர முதுகுப் பக்கம். ஃபிளாஷ் கால் பலத்திலயே காணும். பின்னேரம்தான் எண்டா மேற்கால இருக்கிற வாவிக்கரைப் பக்கம் போங்கோ, அங்க வாவி பின்னணியெண்டா வெயில் முதுகுப் பக்கம் வரும்.

காற்றுக்கு சொஃப்ட்பொக்ஸ் பாய்மரம் மாதிரி. ஸ்டாண்டில 5 கிலோ மண்பை கட்டுங்கோ, கால்களுக்குக் கீழ பலகை வையுங்கோ.

கேட்டவர்:
நன்றி அண்ணா. விடியவே வரச் சொல்றன்.