சிக்னல் இல்லாத ஏற்காட்டு ஊரில் சர்க்கரை, பிரஷருக்கு ஏஐ ஆப் சரிப்படுமா?

நாகலூர் மேடு:
அப்பாவுக்கு வயசு 64. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை ஓடுது. தோட்ட வேலை. வீட்டுக்குள்ள சிக்னலே கிடையாது. சாப்பாட்டுத் தட்டை போட்டோ எடுத்தா ஏஐ மாவுச்சத்துக் கணக்கு சொல்லுதாம். அதை வச்சு மாத்திரையைக் கூட்டிக் குறைக்கலாமுங்களா?

அஸ்தம்பட்டி:
மாத்திரை அளவை ஆப் சொல்லி மாத்தவே கூடாதுங்க. கிளிமிப்பிரைடு, சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மேடு ஏறி இறங்குற நாள்ல சர்க்கரை சட்டுனு விழுந்துடும். 70-க்குக் கீழே போனா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-க்குச் சொல்லுங்க.

போட்டோவுல சாம்பாருக்கு அடியில இருக்கற சோறு தெரியாது. வெந்த சோறு 100 கிராமுக்கு மாவுச்சத்து சுமார் 28 கிராம். வீட்டுக் கரண்டியை ஒருவாட்டி தராசுல வச்சுப் பார்த்து அந்த எடையைப் பதிஞ்சுக்குங்க, போட்டோவை விட அது எவ்வளவோ மேல்.

கொண்டை ஊசி:
ஏஐயை விட விரல் நுனிதான் முக்கியம். ஆரஞ்சு உரிச்ச கையோட சர்க்கரை பார்க்க விரலைக் குத்தினா, தோல்ல ஒட்டின பழச்சர்க்கரையும் சேர்ந்து மீட்டர் ரொம்ப அதிகமாக் காட்டிடும். சானிடைசர் போதாது, தண்ணியில கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டுக் குத்தணும். மார்கழிக் குளிர்ல மீட்டர் எரர் காட்டினா, வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் வச்சுட்டுப் பாருங்க. ரத்தம் தொட்டுப் பார்க்கற ஸ்டிரிப் டப்பா மூடியைத் திறந்தபடி விடாதீங்க, பனி ஈரம் ஸ்டிரிப்பைக் கெடுத்துடும்.

ப்ளூடூத் மீட்டர் வாங்குங்க. ரீடிங் மீட்டர்லயே நிக்கும், சிக்னல் தேவையில்ல. ஆப்பைத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு ரீடிங் பதிஞ்சு பாருங்க; சேவ் ஆகலைன்னா அது உங்க ஊருக்கு ஆகாது. பேட்டரி மாத்தினா மீட்டர்ல தேதி, நேரம் சரியான்னு பாருங்க. நேரம் தப்பா இருந்தா வெறும் வயித்து ரீடிங்கை மத்தியானக் கணக்குல போட்டு ஏஐ தப்பாச் சொல்லும்.

நாகலூர் மேடு:
கேமராவுல விரல் வச்சா பிரஷர் காட்டுற ஆப்?

அஸ்தம்பட்டி:
வேண்டாம். மேல்கையில கட்டுற பட்டை மெஷின்தான். காபி குடிச்சு அரை மணி கழிச்சு, 5 நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து, ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு வாட்டி எடுங்க. வீட்டு சராசரி 135/85-ஐத் தாண்டிக்கிட்டே இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பார்க்கறவங்க சொல்ற அளவையும் அதே ஆப்புல ஏத்துங்க. சேலம் போறப்போ பிடிஎஃப்பா எடுத்துட்டுப் போனா மாத்திரையை டாக்டர் முடிவு பண்ணுவார்.