பாறைப்பாசி வேண்டாம், பாறைவாழ் மாஸ் என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஸ்காட்லாந்து, நார்வே கடலோரப் பாறைகளில் வளரும் மாஸ் (moss, பூக்காத மிகச்சிறிய தாவரம்) வகைகளுக்குப் ‘பாறைப்பாசி’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்று நம் குழுவில் ஒரு ஐயா எழுதியிருந்தார். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாறையைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் வழுக்கும் பழுப்புக் கடற்பாசி. அதற்கு மேலே, கப்பல் எண்ணெய் கொட்டிவிட்டதோ என்று பலர் ஏமாறும் கறுப்புப் பட்டை. அது லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர். அப்புறம் மஞ்சளும் ஆரஞ்சுமாக வேறு லைக்கன்கள். அந்த உயரத்தில்தான், பாறை வெடிப்புகளுக்குள், சிஸ்டிடியம் மாரிடிமம் என்ற மாஸ் கரும்பச்சைத் திட்டாக உட்கார்ந்திருக்கும்.

பேச்சு வழக்கில் இது எல்லாமே பாசிதான். பாடநூல்களிலோ பாசி என்றால் ஆல்கா என்று நிலைத்துவிட்டது. கடல்பாசி என்றால் பலருக்கு நோன்பு மாதத்து இனிப்புதான் நினைவுக்கு வரும். ஒரே பாறையில் இத்தனையும் இருக்கும்போது ‘கடலோரப் பாறைப்பாசி’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்குப் புரியும்?

மாஸ் அப்படியே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கே பழகிய சொல். நீர்வாழ், நிலவாழ் என்கிறோமே, அதே வழியில் ‘பாறைவாழ் மாஸ்’ என்போம்.

இந்த மாஸ்களுக்குக் ‘கல்லொட்டி’ என்றும் ஒரு யோசனை வந்தது. எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. சிஸ்டிடியம் மாரிடிமம் பெரும்பாலும் பாறை வெடிப்புகளுக்குள் வளர்வது. வெறும் கருங்கல்லின் மேலேயே ஒட்டி வளர்வது ஆண்ட்ரியேயா என்ற இன்னொரு மாஸ். செம்பழுப்பிலிருந்து கறுப்பு வரை நிறம். அதன் வித்துப்பையைக் கைலென்ஸில் பார்க்க வேண்டும்: மற்ற பெரும்பாலான மாஸ்களில் இருக்கும் மூடி இதில் கிடையாது. காய்ந்தால் பக்கவாட்டில் பெரும்பாலும் நான்கு கீறல்கள் விரியும், நுனி மட்டும் பிரியாது, நடுவே புடைத்த காகித விளக்கு மாதிரி நிற்கும். ஈரம் பட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். இதற்கு ‘நாற்கீறல் மாஸ்’ என்று பொதுப்பெயர் வைக்கலாம். ஆண்ட்ரியேயா என்ற பேரினப் பெயரைத் தமிழாக்க முயல வேண்டாம். அது ஹனோவர் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆண்ட்ரியேயின் நினைவாக வைத்தது.

அடுத்தது, உயர் ஓதக் கோட்டுக்கு மேலே அலை தெறிக்கும் பகுதிக்கான பெயர். ‘சாரல் மண்டலம்’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. சாரல் என்றால் நமக்கு மழை. அங்கே மழைக்கும் பஞ்சமில்லை. நார்வேயின் பெர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழை உப்பைக் கழுவும், அலை உப்பைக் கொண்டுவந்து பூசும். பெரும்பாலான மாஸ்கள் உப்புப் பட்டால் தாங்காது. இந்த சிஸ்டிடியம் தாங்குகிறது, அதனால்தான் வேறு மாஸ் அதிகம் எட்டிப்பார்க்காத இடத்தில் இருக்கிறது. இரண்டு நீரையும் ஒரே சொல்லில் குழப்பினால் விளக்கமே தலைகீழாகிவிடும். கடல் தெறிப்புக்குத் ‘திவலை’ என்ற நல்ல சொல் கையிலிருக்கிறது. ஆகவே ‘திவலைப் பட்டை’. மண்டலம் எதற்கு, அகலம் சில மீட்டர்தானே பல இடங்களில்.

அப்படியானால் சிஸ்டிடியம் மாரிடிமத்துக்குத் ‘திவலை மாஸ்’ என்றே பெயர் வைக்கலாம். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். லைக்கனுக்கு என்ன சொல் என்பதைத் தனியாகப் பேசுவோம், அது பெரிய சண்டை.