காலில் சைக்கிள் சங்கிலிக் கறை: சங்கிலிக்கு மெழுகு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். வலது கெண்டைக்காலில் பற்சக்கரம் முத்திரை குத்திய மாதிரி கறுப்புக் கறை விழுகிறது. எண்ணெயோடு மண்ணும் இரும்புத் துகளும் சேர்ந்த கறுப்பு. வெறும் சோப்புக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டால் தோலில் போய்விடுகிறது. (மண்ணெண்ணெய் யோசனை வேண்டாம், எரியும்.) வெள்ளைக் காலுறையில்தான் போகவே மாட்டேன் என்கிறது. அம்மா முறைக்கிறார்.

கியர் சைக்கிள் என்பதால் சங்கிலி மூடியும் பொருந்தவில்லை. எண்ணெய்க்குப் பதில் மெழுகு போட்டால் கறை குறையும் என்கிறார்கள். சரி, நம் ஊர் மழையிலும் சேற்றிலும் அது தாங்குமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை போடுகிறீர்கள்? ஈப்போவில் கிடைக்குமா?