கோலங்கள் சீரியலை முதலிலிருந்து சேர்ந்து பார்க்கலாமா? டர்பன், ரோஸ்ஹில் தோழிகளுக்கு வழி சொல்லுங்க

வாசல்கோலம் (சாட்ஸ்வர்த்):

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வீட்டுத் தோழிகள் சேர்ந்த குழு எங்களுடையது. நாலு வீடு டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும், ஒண்ணு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில், ஒண்ணு மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில். சீரியல் பைத்தியம்தான் எங்களைச் சேர்த்து வச்சிருக்கு. இந்திய நேரம் எட்டரைக்கு ஓடுற ஒரு தொடரை எல்லாரும் பார்க்கிறோம், ஆனா ஒரே நேரத்தில் இல்லை. டிஷ் இருக்கிறவங்க வாட்ஸ்அப்பில் "ஐயோ, பார்த்துட்டான்!"னு போட்டுடறாங்க; போன்ல பார்க்கிறவங்களுக்கு அந்தக் காட்சியே இன்னும் வந்திருக்காது. வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வீடு வர்றவங்க குழுவையே மியூட்ல போட்டுட்டாங்க.

இதை விட்டுட்டு கோலங்களை முதல் எபிசோடிலிருந்து சேர்ந்து பார்க்கலாமான்னு ஒரு யோசனை. வாரத்துக்கு எத்தனை பார்த்தா தாங்கும்? வேற வேற ஊர்ல இருந்துகிட்டு ஒரே நொடியில் ஓடவிட முடியுமா? ரெண்டு பேருக்குத் தமிழ் அரைகுறையாத்தான் புரியும், அவங்களுக்கு என்ன பண்றது? கரண்ட், மழை ரெண்டுக்கும் யோசனை இருந்தா அதையும் சொல்லுங்க.

மெகாத்தொடர் கணக்கர்:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். கோலங்கள் மொத்தம் 1,533 எபிசோடு. 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 511 மணி நேரம். வாரம் மூன்று பார்த்தால் முடிக்கப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் குழுவே இருக்காது. வாரம் ஐந்து என்றால் ஒளிபரப்பான அதே ஆறு வருஷம். வாரம் பத்து என்றால் மூன்று வருஷத்தில் கரை சேரலாம். செவ்வாய் மூன்று, வியாழன் மூன்று, சனி நான்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தலைப்புப் பாட்டையும் முன்கதையையும் தாண்டிவிட்டால் மூன்று எபிசோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

விடுமுறைகளை ஆரம்பத்திலேயே குறித்து வையுங்கள். தைப்பூசக் காவடி, ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில், ஆடிக் கஞ்சி, தீபாவளி. புரட்டாசி சனிக்கிழமையில் பூஜையும் படையலும் இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். அந்த மாதம் சனிக்குப் பதில் ஞாயிறு வையுங்கள்.

இந்த மாதிரிக் குழுக்கள் கதையில் சண்டை வந்து உடைவதில்லை. ஒருத்தர் முப்பது எபிசோடு பின்தங்கிவிடுவார், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மெல்ல ஒதுங்கிவிடுவார். அதனால் ஞாயிறு இரவு ஒவ்வொருவரும் தாங்கள் பார்த்து முடித்த எண்ணை மட்டும் குழுவில் போடட்டும்: "240", "240", "231". குறைந்த எண் எதுவோ அதுவரைதான் பேச்சு. பத்துக்கு மேல் யாராவது பின்தங்கினால் மற்றவர்கள் ஒரு வாரம் நிற்க வேண்டும். முன்னால் ஓடுபவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

நடுவிலிருந்து தொடங்காதீர்கள். கதாநாயகி அபியும் அவள் கணவன் பாஸ்கரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று பார்க்காமல் பின்னால் வரும் ஆத்திரம் எதுவும் ஒட்டாது. தொல்காப்பியனாக நடிப்பவர்தான் இயக்குநர் திருச்செல்வம் என்பதைப் புதியவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், அதில் கதை கெடாது. ஆதி என்ற பாத்திரத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.

அலைவரிசை (டோங்காட்):

அக்கா, நேரத்தை முதல்ல சொல்லிடறேன். இந்தியாவில் 8:30ன்னா டர்பனில் மாலை 5:00, ரோஸ்ஹில்லில் 7:00. நீங்க டர்பன் நேரம் 7:15 வச்சா மொரீஷியஸ் தோழிக்கு 9:15. அதுக்கு மேல தள்ளாதீங்க, அவங்க தூங்கிடுவாங்க.

டிஷ்ல பார்க்கிறவங்களுக்கும் நெட்ல பார்க்கிறவங்களுக்கும் இடையில் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரை வித்தியாசம் வரும். நெட்ல படம் சின்னச் சின்னத் துண்டா வந்து, கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஓடும். அதான் உங்க "பார்த்துட்டான்" பிரச்சினை. நேரலைத் தொடருக்கு ஒரே தீர்வு, விளம்பரம் வந்த பிறகு மட்டும் டைப் அடிக்கணும். டிஷ்காரங்க விளம்பரம் ஆரம்பிச்சும் ஒரு நிமிஷம் விரலைக் கட்டி வைக்கணும்.

பழைய தொடரை யூடியூபில் பார்த்தா ஆளுக்கு ஆள் விளம்பரம் வேற இடத்தில் வரும், ஓட்டம் கலையும். தலைப்பு முடிஞ்ச முதல் காட்சியில் எல்லாரும் நிறுத்தி, ஒருத்தர் குரல் அழைப்பில் மூணு, ரெண்டு, ஒண்ணு சொல்லி ஓடவிடுங்க. எபிசோடின் ஏழாவது நிமிஷம், பதினாலாவது நிமிஷம் ரெண்டு இடத்திலும் நிறுத்தி மறுபடி சேருங்க. முன்னால போனவர்தான் காத்திருக்கணும். பின்னால இருக்கிறவரைத் தாண்டி ஓட்டச் சொன்னா காட்சி போயிடும். கட்டணச் செயலியை ஒருத்தர் திரைப்பகிர்வில் காட்டலாம்னு நினைக்காதீங்க. பாதுகாப்புப் பூட்டு இருக்கிறதால மத்தவங்களுக்குக் கருப்புத் திரையும் சத்தமும்தான் வரும். சில சமயம் சத்தமும் வராது.

டேட்டா மிச்சமாக, படத் தரத்தை 480ல் வச்சாப் போதும். 2003ல் எடுத்த தொடருக்கு 1080 வச்சாலும் முகம் தெளிவாகாது. ஒரு எபிசோடு 200 எம்பி போல வரும், வாரம் பத்துக்கு ரெண்டு ஜிபி.

மழை: இடியோடு கொட்டும்போது டீகோடரில் சிக்னல் இல்லைன்னு சொல்ற இ48-32 வந்தா எதையும் தொடாதீங்க, மேகம் நகர்ந்தா தானே திரும்பும். வெயிலிலும் அதே எண் வந்தா, டிஷ் முனையில் கேபிள் செருகும் இடத்தைக் கழற்றிப் பாருங்க. கடல் காத்துல செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தா அந்த முனையை வெட்டிப் புதுசா மாட்டணும். அடுத்த சந்தேகம் மரம். நம்ம டிஷ்ஷுக்குப் படம் அனுப்புற செயற்கைக்கோள் 68.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல நிக்குது. டர்பனிலிருந்து டிஷ் பார்க்க வேண்டியது வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 57 டிகிரி, 36 டிகிரி உயரம். பத்து மீட்டர் தள்ளி நிக்கிற மாமரம் டிஷ்ஷைவிட ஏழு மீட்டருக்கு மேல வளர்ந்தா மறைக்க ஆரம்பிக்கும். போன் திசைகாட்டியில் "உண்மை வடக்கு" தேர்ந்தெடுத்துப் பாருங்க. நம்ம ஊர்ல காந்த ஊசி இருபது டிகிரிக்கு மேல மேற்கே விலகி நிக்கும், அதை நம்பி டிஷ் திருப்பினா ஒண்ணும் கிடைக்காது.

வாசல்கோலம்:

நன்றிங்க. கரண்ட் போகும்போது ரௌட்டருக்குன்னு கடையில் சின்ன யுபிஎஸ் பார்த்தேன். 8,800 மில்லி ஆம்ப் அவர்னு போட்டிருக்கு. ரெண்டு மணி நேரம் தாங்குமா?

அலைவரிசை:

அந்த 8,800 உள்ளே இருக்கிற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு எழுதினது, 12 வோல்ட்டுக்கு இல்லை. பெருக்கினா 32 வாட் அவர். வோல்ட்டை ஏத்தறதில் கொஞ்சம் வீணாகும், கைக்கு 27 போல வரும். சுவத்துல இருக்கிற ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தா ஒண்ணே முக்கால் மணி நேரம். பலரும் ரௌட்டரை மட்டும் மாட்டிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துடுவாங்க; வைஃபை குறி காட்டும், நெட் வராது. ரெண்டு அடாப்டரிலும் வோல்ட் என்னன்னு படிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைச் செருகினா அதோடு அது போயிடும்.

மூன்றாம் திரை (ரோஸ்ஹில்):

தமிழ் அரைகுறையாகப் புரியும் இருவருக்காக யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். பத்து நிமிடத்தில் இருவருக்குமே கதை போய்விடும். எபிசோடு ஓடும் முன் நாலு வரிச் சுருக்கம் படித்துக் காட்டுங்கள், முடிவை மட்டும் விட்டுவிட்டு. கண்ணில் நீர் வழிவதும் கதவு அடிபடுவதும் யாருக்கும் புரியும். "இவருக்கு அது எப்படித் தெரியும்?" என்ற இடத்தில்தான் அவர்கள் திணறுவார்கள்.

அதற்கு ரகசியப் பட்டியல் ஒன்று போடுங்கள். நம் நெடுந்தொடர்களின் இயந்திரமே யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்பதுதான். விரிதாளில் இடப்பக்கம் ரகசியங்கள், மேலே பாத்திரங்கள். ஒருவருக்கு விஷயம் தெரிய வந்ததும் அந்தக் கட்டத்தில் எபிசோடு எண்ணை எழுதுங்கள். "கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்" என்ற வரிசையில் மாமியாருக்கு 112, மூத்த மகனுக்கு 118, மருமகள் கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டம்தான் அடுத்த மாதக் கதை. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டவருக்குப் பாதி விஷயம்தான் தெரியும் என்பதால் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பெரும்பாலான குழப்பம் அந்தக் கேள்விக்குறியிலிருந்துதான் கிளம்பும்.

உறவு மரம் தனித்தாளில். ஒரே பாத்திரத்தில் நடிகர் மாறும் இடத்தையும் அதில் குறிக்க வேண்டும். எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார், பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். குறிப்பு இல்லையென்றால் புதிதாகப் பார்ப்பவர் அதை இரண்டு ஆட்கள் என்றே நினைத்துக்கொள்வார்.

பட்டியல் எழுதும் வேலையை வாரம் ஒருத்தர் என்று சுற்றில் விடுங்கள், அரைகுறைத் தமிழ்க்காரர்களையும் சேர்த்து. எழுதப்போகிறோம் என்றால் அவர்களே கூர்ந்து கேட்பார்கள், சந்தேகம் வந்தால் அழைத்துப் பேசுவார்கள்.

தாழ்வாரம்:

வாசல்கோலம் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழசை எடுப்பதற்காக இப்போது ஓடுவதைக் கைவிடாதீர்கள். அன்றைக்கு வந்த காட்சியை அன்றைக்கே திட்டுவதில் இருக்கிற சுகம், 2005ல் முடிந்துபோன சண்டையில் வராது. இரண்டுக்கும் தனித்தனி வாட்ஸ்அப் குழு வையுங்கள், பெயரிலேயே தொடரின் பெயர் இருக்கட்டும். ஒரே குழுவில் இரண்டு கதையையும் பேசினால் எந்த ஆதி என்று கேட்டே பொழுது போய்விடும்.

மெகாத்தொடர் கணக்கர்:

தனிக்குழு சரி. ஆனால் செவ்வாய், வியாழனில் நேரலையும் பார்த்துவிட்டு 7:15க்கு மூன்று எபிசோடும் என்றால் சமையல் எப்போது? அந்த இரண்டு நாளும் நேரலையைப் பதிவில் போட்டுவிட்டு, ஞாயிறு எண் போடும்போது அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.