நிஸ்பாவுக்குச் 'சார்புப்பெயர்' எனலாமா?

வணக்கம். அரபுப் பெயரின் உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுகையில், நிஸ்பாவுக்கு 'ஊர்ப்பெயர்' என்றும் குன்யாவுக்குத் 'தந்தைப்பெயர்' என்றும் முன்வைக்கப்படும் சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

இடைக்கால அரபுப் பெயர்களில் 'இஸ்ம்' என்பது இயற்பெயர், 'லகப்' என்பது பட்டப்பெயர். இதில் சிக்கல் இல்லை. இப்னு (மகன்), பின்த் (மகள்) என்று தந்தை, பாட்டன் வழியே ஏறிப்போகும் 'நஸப்' என்பதற்குக் 'கால்வழிப்பெயர்' பொருந்தும். ஒருவர் எந்த மண்ணை, குலத்தை, தொழிலைச் சார்ந்தவர் என்று காட்டும் நிஸ்பாவை 'ஊர்ப்பெயர்' ஆக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூனை எடுத்துக்கொள்வோம். அபூ ஸைத் அப்துர் ரஹ்மான் இப்னு முஹம்மத் இப்னு கல்தூன் அல்-ஹள்ரமீ. 1332இல் துனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் இறந்தவர். அவர் குடும்பம் அதற்கு முன் ஸ்பெயினின் செவில் நகரில் தலைமுறைகளாக வாழ்ந்தது. 'அல்-ஹள்ரமீ' என்ற நிஸ்பாவில் நிற்பதோ ஏமனின் ஹள்ரமவ்த், முன்னோர் புறப்பட்ட மண். அதற்கு நேரே 'ஊர்ப்பெயர்' என்று போட்டால், படிக்கிற மாணவர் அவரை ஏமன்காரர் என்றே எழுதிவிடுவார்.

ஊரே வராத நிஸ்பாக்களும் ஏராளம். அல்-குறைஷீ குலத்தைச் சொல்கிறது, அல்-ஹன்பலீ மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பிரிவை), அல்-குதுபீ புத்தக வியாபாரத்தை. தொல்காப்பியப் பெயரியல் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர் என்று தனித்தனியே வைப்பதை அரபு ஓர் 'ஈ' ஈற்றிலேயே அடக்கிவிடுகிறது. ஒருவருக்கே இரண்டு மூன்று நிஸ்பா வருவதும் உண்டு. ஹதீஸ் (நபிமொழி) அறிவிப்பாளர்களில் ஒரே பெயர் கொண்டவர்கள் பலர் என்பதால், ஆளைப் பிரித்தறிய இது மிகவும் தேவைப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் மர்வு நகரத்து அஸ்-ஸம்ஆனீ நிஸ்பாக்களுக்கென்றே 'அல்-அன்ஸாப்' என்ற பெரிய அகராதியைத் தொகுத்தார்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் பெயருக்குப் பின்னால் 'பாகவி' என்று போட்டுக்கொள்கிறார்கள். அது ஊருமில்லை, குலமுமில்லை, ஓதிய மதரஸா.

அதனால் என் பரிந்துரை 'சார்புப்பெயர்'. மண், குலம், தொழில், மத்ஹப், மதரஸா எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. 'உறவுப்பெயர்' என்றால் மாமன், அத்தை என்ற முறைப்பெயர்கள்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், குன்யாவுக்குத் 'தந்தைப்பெயர்' வேண்டவே வேண்டாம். தகப்பனாரின் பெயர் என்றே யாரும் படிப்பார்கள். குன்யாவோ இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்று அழைப்பது. 'பிள்ளைவழிப்பெயர்' என்பதும் முழுக்க ஒத்துவராது. அபூ ஹுரைரா என்றால் பூனைக்குட்டியின் தந்தை. அங்கே பிள்ளை ஏது? நல்ல சொல் கிடைக்கும்வரை குன்யாவை அப்படியே எழுதி, அருகில் ஒரு வரி விளக்கம் தரலாம்.